அரசு வக்கீல் வரும் வழியும் போகும் வழியும்

2023 மே மாதக் கடைசியில் மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், கடலோரக் காவல்படை, சுங்கத் துறை மூன்றும் சேர்ந்து இரண்டு படகுகளை மடக்கின. 32 கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடத்திவந்தவர்கள் ஒரு பகுதியைக் கடலில் வீசிவிட, முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தங்கக் கட்டிகளின் படம் உடனே ஊரெல்லாம் பரவியது. இனி இந்த வழக்கை நீதிமன்றத்தில் நடத்தப்போவது யார், அவரை நியமித்தது யார், நாளை அவரை மாற்றினால் யாரைக் கேட்பது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. ஆள் பிடிபட்டதும் நம் ஆர்வம் வடிந்துவிடுகிறது. வழக்கின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

இந்தக் கடற்கரையில் எந்தக் குற்றம் யார் கையில் சிக்குகிறது என்பதைப் பொறுத்து வக்கீல் மாறுவார். தங்கமோ போதைப்பொருளோ மத்திய அரசின் துறைகளிடம் பிடிபட்டால், டெல்லி நியமித்த சிறப்பு வழக்கறிஞர் வருவார். வேதாளையிலோ மரைக்காயர்பட்டினத்திலோ கடல் அட்டை மூட்டை பிடிபட்டால் அது வனத்துறை வழக்கு. 2001 முதல் கடல் அட்டை முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஒரு கொலை என்றால் ராமநாதபுரம் செசன்ஸ் நீதிமன்றத்தில் மாநில அரசின் ‘பி.பி.’ (பப்ளிக் பிராசிக்யூட்டர்) எழுந்து நிற்பார். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ வழக்கு. அங்கே அரசுத் தரப்பின் கடைசி வார்த்தை கொழும்பில் இருக்கும் சட்டமா அதிபருடையது. ஒரே மீனவர் தன் ஆயுளில் இந்த நான்கு தரப்பையும் பார்த்துவிட முடியும். இந்த நால்வரும் அந்தப் பதவிக்கு வரும் வழி வேறு வேறு. போகும் வழிதான் இங்கே பேச வேண்டியது.

முதலில் ராமநாதபுரத்துக்கே வருவோம். ராமேஸ்வரம், பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர், கமுதி என்று நடுவர் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வாதாடுபவர் ‘ஏ.பி.பி.’. அரசு உதவி வழக்கு நடத்துநர் என்பது பதவிப் பெயர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் தேர்வெழுதி வந்த அரசு ஊழியர் இவர். குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் கீழ் வேலை பார்க்கிறார். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் இவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதிகம் போனால் இடமாற்றம். செசன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே கொலை, பாலியல் வன்கொடுமை, சாதி வன்கொடுமை போன்ற பெரிய வழக்குகள். அவற்றை நடத்தும் பி.பி., கூடுதல் பி.பி.க்கள் தொழில் செய்யும் வக்கீல்களிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு அரசு அமர்த்துபவர்கள். அதாவது கோழி திருடியவன் வழக்கை நடத்துபவருக்குப் பணிப் பாதுகாப்பு உண்டு. கொலை வழக்கை நடத்துபவருக்குக் கிடையாது. இந்தத் தலைகீழ் ஏற்பாடு எவருக்கும் விசித்திரமாகத் தோன்றாமல் போனதுதான் விசித்திரம்.

சட்டம் சொல்லும் முறை இது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18-ஆவது பிரிவாகியிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் செசன்ஸ் நீதிபதியைக் கலந்து தகுதியானவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவரை நியமிக்கக் கூடாது. பட்டியல் சென்னைக்குப் போய், தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் சட்ட அலுவலர்கள் பிரிவிலிருந்து அரசாணையாகத் திரும்பி வரும். வழக்கு நடத்தும் அதிகாரிகளுக்கென்று நிரந்தரப் பணித் தொகுதி உள்ள மாநிலங்களில் அந்தத் தொகுதியிலிருந்தே பி.பி.யை எடுக்க வேண்டும் என்றும் மூலச் சட்டம் சொல்கிறது. தமிழகம் 1980-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்தக் கட்டாயத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. மாவட்ட பி.பி. வெளியிலிருந்து வரும் வக்கீலாகவே இருக்கலாம் என்றானது.

இதில் தவறில்லை என்று வாதிடலாம். செசன்ஸ் விசாரணைக்கு நல்ல குறுக்கு விசாரணை வக்கீல் வேண்டும். அவர் அரசுச் சம்பளத்துக்கு வரமாட்டார். ஆனால் நடைமுறையில் ஆட்சியர் போடும் பட்டியல் தகுதி வரிசையா, வேறு வரிசையா என்பது வக்கீல் சங்கத்து மர நிழலில் டீ குடிக்கும் எவருக்கும் தெரியும். இந்த ஆட்சியில் யாருக்குக் கிடைக்கும், அடுத்த ஆட்சியில் யாருக்குக் கிடைக்கும் என்று பெயரோடு சொல்லிவிடுவார்கள். 2001, 2006, 2011, 2021 என்று ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் அரசுத் தலைமை வழக்கறிஞர் மாறினார். அவர் அரசின் ஆலோசகர். அரசோடு வந்து அரசோடு போவது நியாயம். குற்ற வழக்கு நடத்துபவரும் அதே வண்டியில் ஏறி இறங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நியமனத்துக்கு ஆட்சியர், நீதிபதி, பட்டியல், 7 ஆண்டு என்று இத்தனை படி வைத்த சட்டம், நீக்குவதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஆட்சி மாறிய கையோடு 1990 பிப்ரவரியில் ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்டங்களின் அரசு வக்கீல்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையைத் தூக்கி எறிந்தது. வேறொரு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் எல்லாரையும் மொத்தமாக மாற்றுவது எதேச்சாதிகாரம் என்றது. ஆனால் 2004-ல் ஜோஹ்ரி மால் வழக்கில் அதே நீதிமன்றம், இது அரசுப் பணி அல்ல, நியமனத்தில் நீதிமன்றம் தலையிடும் இடம் மிகக் குறுகியது என்று எல்லை போட்டது. செசன்ஸ் நீதிபதியிடம் கலந்தாலோசிப்பது மட்டும் பெயரளவில் இருக்கக் கூடாது என்றது. 2016-ல் பஞ்சாப், ஹரியாணா அரசு வக்கீல்கள் விவகாரத்தில் வெளிப்படையான தேர்வு முறை வேண்டும் என்று மறுபடி சொன்னது. அதற்கடுத்த ஆண்டு தமிழகம் உயர் நீதிமன்ற அரசு வக்கீல்களுக்கான நியமன விதிகளை வெளியிட்டது. பின்னிரண்டு தீர்ப்பும் பெரும்பாலும் வரும் வழியைச் செப்பனிடுபவை. போகும் வழியைப் பற்றி ஸ்ரீலேகா வழக்குக்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை.

நடு வழக்கில் பி.பி. மாறினால் என்ன ஆகும் என்பதை ராமேஸ்வரத்துச் சாட்சி ஒருவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத் துறை டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். சம்மன் புதன்கிழமை என்று வந்தால் அந்த வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிழைப்பு போயிற்று. பாம்பன் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் காலை பத்து மணிக்கு நிற்க வேண்டும். கோர்ட் டூட்டி ஏட்டு பெயரைக் குறித்துக்கொள்வார். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலத்தில் சாட்சிகள் தவறாமல் வருவார்கள், அப்போது பார்த்து மே மாத விடுமுறை வந்துவிடும்.)

இந்தச் சாட்சி பேசப்போவது பி.பி.யை நம்பித்தான். நல்ல பி.பி. கேஸ் கட்டை முன்கூட்டிப் படித்து, எந்தச் சாட்சியை முதலில் ஏற்றுவது, மகஜர் சாட்சிகளில் யார் நிலைப்பார், யாரை விட்டுவிடலாம், நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்கும் போலீசில் சொன்னதற்கும் எங்கே முரண் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார். சாட்சியின் முகமும் பயமும் அவருக்குத் தெரியும். எட்டுச் சாட்சி முடிந்த நிலையில் அவர் போய்ப் புதியவர் வந்தால், கட்டு மட்டும்தான் கைமாறும். எதிரியின் ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், புதிய பி.பி. யார் பக்கத்து ஆள் என்ற பேச்சு சாட்சியின் காதுக்கு முன்னதாகவே வந்திருக்கும். கூண்டில் ஏறிய சாட்சி ‘நான் ஒண்ணும் பார்க்கலை’ என்கிறார். பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய பி.பி. இரண்டு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. தீர்ப்பில் ‘அரசுத் தரப்பு சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்கவில்லை’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் எந்த அரசாணை இருந்தது என்று எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை.

இது கற்பனையில் வரும் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு இருக்கிறது. அரசு வக்கீல் பதவியைப் பற்றிப் படிக்க இந்தியாவில் அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சென்னையில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது 2001-ல் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே முதல்வரானார். ஏற்கெனவே விசாரித்த அரசுத் தரப்புச் சாட்சிகளில் 76 பேரைத் திரும்ப அழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் தடுக்கவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து அங்குள்ள அரசு ஒரு மூத்த வக்கீலை நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். பி.வி.ஆச்சார்யா வந்தார். 2012-ல் அவர் விலகினார்.

அடுத்து 2013 பிப்ரவரியில் பவானி சிங். அதே ஆண்டு ஆகஸ்டில் கர்நாடக அரசு அவரை விலக்கியது. அப்போது நடந்ததுதான் விநோதம்: அரசு வக்கீலை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போனவர் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா. தன்னைத் தண்டிக்க வாதாட வேண்டியவர் நீடிக்க வேண்டும் என்று எதிரியே கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2013 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் விலக்கலை ரத்து செய்தது. எதிர்க்கட்சியினர் கொதித்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பின் அடிப்படை சரியென்றே படுகிறது. விசாரணை முடியும் தறுவாயில் உரிய காரணமின்றி வக்கீலை விலக்கும் அதிகாரத்தை ஒரு அரசுக்குக் கொடுத்தால், நாளை வேறொரு அரசு அதையே நேர் எதிர் நோக்கத்துக்குப் பயன்படுத்தும். ஓராண்டில் நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா தண்டனை வழங்கினார், அதே பவானி சிங் அரசுத் தரப்பில் இருக்கும்போதே.

பிறகு மேல்முறையீடு. தமிழக அரசு பவானி சிங்கையே பெங்களூரு உயர் நீதிமன்றத்திலும் ஆஜராகச் சொன்னது. வழக்கு நடத்தும் உரிமை கர்நாடகத்துடையது. தமிழகம் எப்படி வக்கீல் வைக்கலாம்? அன்பழகன் மறுபடி டெல்லி போனார். 2015 ஏப்ரல் 15-ல் இரு நீதிபதிகள் மாறுபட்டனர். ஏப்ரல் 27-ல் மூன்று நீதிபதிகள், அந்த நியமனம் செல்லாது என்றார்கள். ஆனால் அதற்குள் உயர் நீதிமன்றத்தில் வாதங்கள் முடிந்துவிட்டன. மறுவிசாரணை வேண்டாம், அன்பழகனும் கர்நாடகமும் எழுத்தில் வாதம் தரலாம் என்று முடித்தார்கள். அதிகாரமே இல்லாத வக்கீல் வாதாடிய மேல்முறையீட்டில் மே 11 அன்று விடுதலை. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அப்போது ஜெயலலிதா உயிரோடு இல்லை. வக்கீலை யார் வைப்பது, யார் எடுப்பது என்ற ஒரே கேள்வி அந்த வழக்கில் இத்தனை ஆண்டை விழுங்கியது.

மத்திய அரசின் வழக்குகளில் நிலைமை மேலும் மோசம். உயர் நீதிமன்றத்துக்கு பி.பி. வைப்பதென்றால் அந்த நீதிமன்றத்தைக் கலக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களில் ஒரு வழக்குக்கோ வழக்குத் தொகுதிக்கோ மத்திய அரசு வக்கீல் வைக்க, ஆட்சியர் பட்டியலும் தேவையில்லை, செசன்ஸ் நீதிபதியின் கருத்தும் தேவையில்லை. சி.பி.ஐ., என்.ஐ.ஏ., சுங்கம் எல்லாவற்றுக்கும் டெல்லியின் ஓர் அறிவிக்கை போதும். பக்கத்து சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார். மாநில போலீஸ் மீது நம்பிக்கை இல்லாததால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதைத்தான் மக்களும் கேட்டார்கள். ஆனால் சி.பி.ஐ.க்கு மாறும்போது வக்கீலும் மாறுகிறார் என்பதும், அவரை வைக்கவும் எடுக்கவும் வேறொரு அரசுக்குத் தடையற்ற அதிகாரம் இருக்கிறது என்பதும் யாருடைய கோரிக்கையிலும் இல்லை. மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கின் சிறப்பு வழக்கறிஞர் ரோகிணி சாலியன், ஆட்சி மாறிய பிறகு வழக்கில் மென்மையாக நடந்துகொள்ளுமாறு தனக்குச் சொல்லப்பட்டதாக 2015 ஜூனில் வெளிப்படையாகக் கூறினார். என்.ஐ.ஏ. மறுத்தது. இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கவென்று தனி அமைப்பு எதுவும் சட்டத்தில் இல்லை.

வெளிநாடுகளில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் மத்திய அரசு வழக்குகளை நடத்த 93 தலைமை வழக்கறிஞர்கள். அதிபர் பெயர் சொல்வார், செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் நான்காண்டு. நீக்குவது அதிபர் கையில். 2006 டிசம்பரில் ஒரே நாளில் ஏழு பேரை வெளியே அனுப்பியது பெரும் சர்ச்சையாகி, அடுத்த ஆண்டு அட்டர்னி ஜெனரல் அல்பெர்ட்டோ கொன்சாலஸ் பதவி விலக நேர்ந்தது. செனட் வழியாகப் போகாமல் ‘இடைக்கால’ ஆட்களை வைத்து ஓட்டும் பழக்கம் அங்கும் உண்டு. அதற்கு 120 நாள் வரம்பு. அந்த வரம்பை மீறி நியமிக்கப்பட்டார் என்று சொல்லி, வர்ஜீனியாவில் இடைக்கால வழக்கறிஞர் ஒருவர் கொண்டுவந்த இரண்டு பெரிய வழக்குகளை 2025 நவம்பரில் நீதிபதி தள்ளுபடி செய்தார். நம் ஊரில் ‘பொறுப்பு’ பி.பி. என்று ஒருவரை வைத்து மாதக்கணக்கில் ஓட்டினாலும் கேட்பாரில்லை. நாள் வரம்பே இல்லையே.

தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இலங்கையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் கடற்படையைப் பற்றித்தான். 2011-ல் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்ட ராமேஸ்வரம் பகுதி மீனவர்கள் ஐவருக்கு 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது தங்கச்சிமடமும் ராமேஸ்வரமும் கொந்தளித்தன. அடுத்த மாதம் ஜனாதிபதி மன்னிப்பில் அவர்கள் வீடு திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்ததும் ராமேஸ்வரத்தார் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தனர். அந்தக் கோபங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் வழக்கு நடத்தும் பதவியைக் காப்பதில் அந்தத் தீவு நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே ஜனாதிபதி சட்டமா அதிபரை நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். பத்துப் பேர் கொண்ட அந்தப் பேரவையில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கிறார், நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்து மூவர் இருக்கிறார்கள். 2020-ல் இருபதாம் திருத்தம் பேரவையின் பல்லைப் பிடுங்கியது. 2022-ல் இருபத்தொன்றாம் திருத்தம் திரும்ப வைத்தது. 2024-ல் அப்போதைய சட்டமா அதிபரின் பதவிக்காலத்தை ஆறு மாதம் நீட்டிக்க ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க விரும்பினார். பேரவை மறுத்துவிட்டது. புதியவர் வந்தார். நீக்குவதற்கு 2002-ஆம் ஆண்டே தனிச் சட்டம் உண்டு: விசாரணைக் குழு, நாடாளுமன்றத் தீர்மானம். அதே சட்டத்தின் கீழ்தான் 2025 ஆகஸ்டில் போலீஸ் மா அதிபரை நீக்கினார்கள். இத்தனைக்கும் அங்கே அரசியல் நெருக்கடி இல்லை என்று சொல்லவரவில்லை. பத்திரிகையாளர் லசந்த விக்ரமதுங்க கொலை வழக்கில் 2025 தொடக்கத்தில் சந்தேக நபர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் எழுதிய கடிதம் கிளப்பிய புயலில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் அவரை அன்றிரவே வீட்டுக்கு அனுப்ப அரசால் முடியவில்லை; அனுப்பியிருந்தால் அடுத்து வருபவர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று யோசிக்கலாம்.

மறுபடி நம் கரைக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டம் எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்தில் 2014 அக்டோபரில் விசாரணைக்கு வந்த இளைஞர் ஒருவர் உதவி ஆய்வாளரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019-ல் ராமநாதபுரம் செசன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை வழங்கியது. அரசின் சம்பளம் வாங்கும் போலீஸ் அதிகாரிக்கு எதிராக, அரசு வைத்த வக்கீலே வாதாடிப் பெற்ற தண்டனை அது. இங்கேயும் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் பி.பி.யின் நெஞ்சுறுதியைத் தவிர அவருக்கு வேறு கவசம் எதுவும் சட்டத்தில் இல்லை.

பாதிக்கப்பட்டவருக்கு வக்கீலைக் கேட்கும் உரிமை ஓரிடத்தில் மட்டும் எழுத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வக்கீல் ஒருவரை வழக்குக்கு அமர்த்த ஆட்சியரை அனுமதிக்கின்றன. கோகுல்ராஜ் சாதி ஆணவக் கொலை வழக்கில் அவருடைய தாய் விடாமல் போராடி ப.பா.மோகனைச் சிறப்பு வழக்கறிஞராகப் பெற்றார். விசாரணையும் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள். சாதி மோதல்களைக் கண்ட முதுகுளத்தூரும் பரமக்குடியும் உள்ள ஒரு மாவட்டத்தில் இந்த விதியை எத்தனை குடும்பங்களுக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்? முதல் தகவல் அறிக்கை நகலோடு சேர்த்து ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

நியமன முறையைப் பற்றி மட்டுமே சட்ட ஆணையம் 2006-ல் தன் 197-ஆவது அறிக்கையை எழுதியது. அதற்குப் பிறகு வந்த புதிய நடைமுறைச் சட்டம் பின்னோக்கிப் போயிருக்கிறது. வழக்குத் தொடர்வு இயக்குநரை நியமிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்தது. புதியதில் அது காணாமல் போனது. வழக்கைத் திரும்பப் பெறுமுன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நல்ல வரி சேர்ந்திருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெறவே கேட்க வேண்டும் என்றால், வழக்கை நடத்துபவரைத் திரும்பப் பெறும்போது ஏன் கேட்கக் கூடாது?

குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது. மூன்று புதிய குற்றவியல் சட்டங்களில் மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்கத் தமிழக அரசு 2024 ஜூலையில் நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் குழு அமைத்தது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கான தண்டனைகளைக் கூட்டும் திருத்தங்களைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. தண்டனையைக் கூட்டுவது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். 18-ஆவது பிரிவைத் திருத்துவதற்குக் கைத்தட்டல் இராது. ஆனாலும் அதைத்தான் திருத்த வேண்டும். ஆட்சியர் அனுப்பும் பட்டியலும் அதற்கு செசன்ஸ் நீதிபதி எழுதிய கருத்தும் ஆட்சியர் அலுவலகத் தகவல் பலகையில் வெளியாக வேண்டும். பி.பி.யின் காலம் ஐந்தாண்டு என்று வைத்து அது தேர்தல் ஆண்டில் முடியாதபடி அமைக்க வேண்டும். சாட்சி விசாரணை தொடங்கிவிட்ட செசன்ஸ் வழக்கில், அவர் பதவிக்காலம் முடிந்தாலும் அரசு மாறினாலும், அந்த வழக்கு முடியும்வரை அதே வக்கீல் நடத்த வேண்டும். அதற்கு முன்பே விலக்குவதென்றால் காரணத்தை எழுதி, செசன்ஸ் நீதிபதி முன் வைத்து, பாதிக்கப்பட்டவரையும் கேட்ட பிறகே விலக்க வேண்டும். சுங்கத்துக்கும் சி.பி.ஐ.க்கும் டெல்லி வைக்கும் வக்கீல்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும்; ராமநாதபுரத்திலிருந்து டெல்லி போகும் உறுப்பினர் மீனவர் பிரச்சினையோடு சேர்த்து இதையும் ஒரு கேள்வியாக எழுப்பலாம்.